சைலன்சர் மாற்றினால் ‘பிக்கப்’ கூடுமா?

கரிசல் சாலைகளில் அலறும் குழாய்கள்: யார் காசு, யார் மூச்சு?

மதியம் மூன்று மணி. கோவில்பட்டிக்கு வெளியே நாலு வழிச்சாலையை ஒட்டிய ஒரு வெல்டிங் பட்டறை. பின்னால் உழுது போட்ட கரிசல் காடு, மழைக்கு வாய் பிளந்து கிடக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்திய வெள்ளைப் பிக்கப் வண்டிக்கு அடியில், மல்லாந்து படுத்து வேலை பார்க்கும் பையனின் கால்கள் மட்டும் தெரிகின்றன. கிரைண்டர் கிறீச்சிடுகிறது. பொறிகள் புழுதியில் விழுந்து அணைகின்றன. கொஞ்ச நேரத்தில் கனத்த இரும்பு உருளை ஒன்று ‘தொம்’மென்று மண்ணில் விழுகிறது.

பத்து நாளாக டேஷ்போர்டில் எரிந்த மஞ்சள் விளக்குதான் வண்டிக்காரரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. உருளையைக் காலால் ஓரமாகத் தள்ளுகிறார். அது இருந்த இடத்தில் பளபளக்கும் ஸ்டீல் குழாய் ஏறுகிறது. சாவியைத் திருப்பியதும் தகரக் கூரை அதிர்கிறது. வேப்பமரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடுகிறது. பட்டறைக்காரர் முகத்தில் பெருமை: “இப்ப மிதிச்சுப் பாருங்க அண்ணாச்சி, பிக்கப் எப்படி ஏறுதுன்னு!”

‘பிக்கப்’ என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு அர்த்தம். ஒன்று, வாசலில் நிற்கும் வண்டி. இன்னொன்று, ஆக்சிலேட்டரை மிதித்ததும் அந்த வண்டி இழுக்கும் இழுப்பு. முதல் பிக்கப்புக்கு இரண்டாவது பிக்கப் கூடட்டும் என்றுதான் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிச் சைலன்சரை மாட்டுகிறார்கள். கேட்கிற சத்தம் நிஜம். கூடியதாகத் தோன்றும் இழுவை நிஜமா? மண்ணில் கிடக்கும் அந்த உருளைக்குள் என்னதான் இருந்தது?

மாட்டு வண்டித் தடத்தில் குட்டி யானை

2005-ல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், சுமார் 700 சி.சி. டீசல் எஞ்சின். தமிழ்நாடு அதற்குக் ‘குட்டி யானை’ என்று பேர் வைத்துத் தன் வண்டியாக்கிக்கொண்டது. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அதற்கும் மேலே பாரம் ஏற்ற பொலிரோ பிக்கப் போன்ற வண்டிகள். லாரி நுழையாத தெருவிலும் இவை நுழைந்தன. மாட்டு வண்டி ஒரு நாள் எடுத்துக்கொண்ட நடையை ஒரு மணி நேரத்தில் முடித்தன.

மானாவாரி பூமிக்கு இந்த வண்டிதான் இன்று கைகால். புரட்டாசியில் விதையும் உரமும் போகின்றன. தை, மாசியில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மல்லி, விளாத்திகுளத்து மிளகாய் எல்லாம் வருகின்றன. ஊருக்குள்ளே தீப்பெட்டிக் கட்டுகள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய்ப் பெட்டிகள். சந்தை நாளில் ஆடுகள். சட்டப்படி ஆள் ஏற்றக்கூடாது என்றாலும், களையெடுக்கப் போகும் பெண்கள் பின்னால் நின்றுகொண்டு போவதையும் பார்க்கிறோம்.

இதை ஓட்டுபவர் பெரும்பாலும் இதற்குச் சொந்தக்காரர், தவணை கட்டுபவர். அவருக்கு வேண்டியவை மூன்று: இழுவை, மைலேஜ், வண்டி நிற்காத நாட்கள். வெளிச் சைலன்சர் இந்த மூன்றையும் தருமா என்பதுதான் கேள்வி.

அன்று குழாய், இன்று தொழிற்சாலை

பழைய டீசல் வண்டியின் சைலன்சர் எளிமையான சாதனம். உள்ளே சில தடுப்புகள், துளைக் குழாய்கள், அறைகள். எஞ்சினிலிருந்து வெடித்து வரும் புகை அவற்றில் மோதி, வேகமும் சத்தமும் தணிந்து வெளியேறும். துருப்பிடித்தால் வெட்டி வேறு மாட்டுவார்கள். பட்டறைகளின் கைப்பழக்கம் முழுவதும் அந்தக் காலத்தில் உருவானது.

பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின: 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. நடுவில் ஐந்தாம் படியைத் தாண்டியே குதித்தோம். டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் கார்களுக்கான வரம்பை எடுத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை விடலாம் என்றிருந்த நுண்துகள் 4.5 மில்லிகிராமாகச் சுருங்கியது. நைட்ரஜன் ஆக்சைடு 250-லிருந்து 80 ஆனது. சரக்கு வண்டிகளுக்கு எடைக்கேற்ப அளவு மாறும், போக்கு அதேதான்.

இதைச் சாதிக்க எஞ்சினை மட்டும் திருத்தினால் போதவில்லை. புகை போகிற வழியே ஒரு சிறு தொழிற்சாலையாக மாறியது. முதலில் ஒரு வினையூக்கி, எரியாத வாயுக்களை எரிக்கிறது. அடுத்து டி.பி.எஃப். எனப்படும் கரி வடிகட்டி: தேன்கூடு போன்ற பீங்கான் அறைகள், ஒன்று விட்டு ஒன்று அடைக்கப்பட்டவை. புகை சுவர் வழியே கசிந்து போகும். கரி உள்ளே தங்கும். சில வண்டிகளில் இதற்கும் மேலே, ஓட்டுநர்கள் ‘யூரியா’ என்று சொல்லும் திரவம் பீய்ச்சப்படுகிறது. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். அது நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாக மாற்றுகிறது. வழி நெடுக வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் சென்சார்கள். அவை சொல்வதைக் கேட்டு டீசலை அளந்து ஊற்றும் இ.சி.எம். என்ற மூளை.

வண்டிக்காரரின் நியாயம்

இதைக் கழற்றுபவர்கள் எல்லாரும் சத்தப் பிரியர்கள் இல்லை. நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும் என்று மாட்டுகிற இளவட்டங்கள் உண்டு. ஆனால் கணிசமானோர் நொந்துபோய் வருகிறவர்கள்.

டி.பி.எஃப்.பில் சேரும் கரியை வண்டியே எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும்; அந்த வெப்பம் ஏற, நிதானமான வேகத்தில் தொடர்ந்து ஓட வேண்டும். கரிசல் காட்டு வண்டியின் நாளோ வேறு மாதிரி. காட்டிலிருந்து களம், களத்திலிருந்து கமிஷன் கடை, அங்கிருந்து குடோன். இரண்டாம் கியரில் ஊர்ந்து, ஐந்து கிலோமீட்டரில் நின்று, பாரம் ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பது. வடிகட்டி சூடாவதே இல்லை. கரி எரியத் தொடங்கும்போது சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார்கள். விளக்கு எரிகிறது. அதையும் கவனிக்காவிட்டால் இ.சி.எம். வண்டியின் சக்தியைக் குறைத்துவிடுகிறது. பாரத்தோடு மேடு ஏற மறுக்கிறது. கம்பெனி சர்வீஸுக்கு விட்டால் ஒரு நாள் வாடகை போச்சு.

“கழுதை, அதைக் கழட்டி எறிங்க, எல்லாம் சரியாகும்” என்ற பேச்சு இந்த இடத்தில்தான் நுழைகிறது. கோளாறு உண்மை. வைத்தியம்தான் தப்பு.

காதுக்கு ஏறிய வேகம்

குழாயைத் திறந்துவிட்டால் எஞ்சின் லேசாக மூச்சு விடும் என்பது முழுப் பொய் இல்லை. புகை வெளியேறத் தடை குறைந்தால் டர்போ கொஞ்சம் சீக்கிரம் சுழலும். ஆனால் டர்போ எவ்வளவு காற்றைத் தள்ளலாம், எவ்வளவு டீசல் பாயலாம் என்பதை முடிவு செய்வது இ.சி.எம். அதன் கணக்கு மாறாதவரை, ஊற்றும் டீசல் அதேதான். கிடைக்கும் சக்தியும் ஏறத்தாழ அதேதான். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாகக் காது நம்புகிறது. சக்கரத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

சக்தி உண்மையிலேயே கூட வேண்டுமென்றால் இ.சி.எம். கணக்கையே மாற்றி எழுத வேண்டும். ‘ரீமேப்’ என்று அதற்குப் பேர். கூடுதல் டீசல், கூடுதல் வெப்பம், கரும்புகை. கம்பெனி ஒரு அளவுக்கு வடிவமைத்த டர்போ, கிளட்ச், பிஸ்டன் எல்லாம் அந்த அளவைத் தாண்டி உழைக்கும். மைலேஜும் தப்பாது: சத்தத்தைக் கேட்கவே மிதிக்கிறவரின் டேங்க் சீக்கிரம் காலியாகும்.

சென்சார்களைப் பிடுங்கினால் விளக்கு அணையாது. பொய் சமிக்ஞை கொடுக்கும் பெட்டி ஒன்றை மாட்ட வேண்டும். அன்றிலிருந்து டேஷ்போர்டு எதைச் சொன்னாலும் நம்ப முடியாது. நிஜக் கோளாறு வந்தாலும் விளக்கு எரியாமல் போகலாம். வாரண்டி போகும். விபத்து இழப்பீடு கேட்கும்போது, தெரிவிக்காமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய வழி பிறக்கும்.

கழற்றிய உருளைக்கும் ஒரு கதை உண்டு. வினையூக்கிகளில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். மாருதி ஈகோ வேன்களின் சைலன்சரை மட்டும் குறிவைத்து நாட்டின் பல இடங்களில் திருடர்கள் கழற்றிப்போனது இதற்காகத்தான். திருடன் தேடிப்போகும் பொருளை, நம்மவர் காசு கொடுத்துக் கழற்றி, பட்டறை மூலையில் போட்டுவிட்டு வருகிறார். எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வாங்கும் நாள் நெருங்கும்போது அதே பட்டறைக்கு ஓடி வருகிறார்: “என் பழைய சைலன்சர் எங்கப்பா?”

---

பெட்டிச் செய்தி 1: சட்டம் என்ன சொல்கிறது?

• மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி தந்த அடிப்படை அமைப்பை உரிமையாளர் இஷ்டப்படி மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது.

• பிரிவு 182-ஏ(4): அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

• பிரிவு 190(2): சத்தம், புகை அளவை மீறி ஓட்டினால் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கு 3 மாதத் தகுதியிழப்பு.

• மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 120: ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தைத் தணிக்கும் சைலன்சர் கட்டாயம். விதி 113: புகைக்குழாய், எரிபொருள் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் இருக்கக்கூடாது.

• எஃப்.சி.: சரக்கு வண்டிக்கு 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும்.

---

ராத்திரியின் காது

கரிசல் காடு தட்டையான பூமி. ஒலியைத் தடுக்க மலையோ தோப்போ அதிகம் இல்லை. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வரும். பகலில் அரை மைலில் கரைந்துபோகும் சத்தம், நடுச்சாமத்தில் அடுத்த ஊர்த் திண்ணையில் கேட்பது இதனால்தான்.

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அமைதி மண்டலமாகக் கருதப்படும் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றச் சுற்றுப்புறங்களுக்கு வரம்பு இன்னும் 5 டெசிபல் குறைவு. டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு கிடையாது. 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்பு.

சந்தைக்குச் சரக்கு போவது விடிவதற்கு முன்னால். மில் ஷிப்ட் முடித்துத் தூங்கப் போனவர், கைக்குழந்தைக்காரி, அரசு மருத்துவமனை வார்டில் கிடப்பவர் எல்லாருடைய தூக்கத்துக்குள்ளும் அந்த வண்டி புகுந்து வெளியேறுகிறது. ஆட்டுக் கிடைகளைப் பற்றி எழுதிய எழுத்தாளர் கி.ரா. பிறந்த இடைசெவல் இந்த நாலு வழிச்சாலைக்குப் பக்கத்தில்தான். கிடைபோட்டுத் திரும்பும் ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்கும்போது இப்படியொரு வண்டி உறுமினால் என்ன ஆகும் என்பதை ஆடு மேய்க்கும் கீதாரிகளிடம் கேட்க வேண்டும். மிரண்ட ஆடு ஓடுகிற திசையை எந்த இண்டிகேட்டரும் காட்டாது.

மூச்சின் கணக்கு

சத்தம் போய்விடும், கரி தங்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருளாக அறிவித்தது. டி.பி.எஃப். பிடித்து வைப்பது கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை மட்டுமில்லை. நுரையீரலின் அடிவரை இறங்கும் மிக நுண்ணிய துகள்களையும்தான். வடிகட்டி போன வண்டியில் புகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் துகள் வந்துகொண்டே இருக்கும்.

முதலில் சுவாசிப்பது யார்? அரைகுறை வெல்டிங்கில் கசியும் புகை கேபினுக்குள் ஏறினால், ஓட்டுபவரே. அடுத்து, பின்னால் நிற்கும் கூலிப் பெண்கள். அறுவடைக் காலத்தில் உளுந்தையும் பயறையும் ரோட்டில் பரப்பி, வண்டிகள் ஏறி இறங்கட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்கள். குழாயின் வாய் கீழ்நோக்கித் திரும்பியிருந்தால் கரி தானியத்தின் மீதே படியும்.

தீப்பெட்டி ஊரில் தீப்பொறி

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு இன்னொரு கவலை தனியாக உண்டு. இங்கே வண்டியில் ஏறும் சரக்கே நெருப்பின் சொந்தக்காரன்: தீக்குச்சி, பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பட்டாசு.

டீசல் எஞ்சின் பாரத்தில் திணறும்போது குழாய்க்குள் படிந்த கரி, கங்காகப் பெயர்ந்து வெளியே பறக்கலாம். கம்பெனி சைலன்சரின் தடுப்புகளும் வடிகட்டியும் அதை உள்ளேயே அடக்கிவிடும். நேர்குழாயில் தடுக்க எதுவும் இல்லை. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்குத் தீப்பொறி தடுப்பான் கட்டாயம் என்று விதி 129-ஏ சொல்வது இதற்காகத்தான். அந்தத் தடுப்பானையும் சேர்த்துக் கழற்றிவிட்டுப் பட்டாசு லோடுக்குப் போகும் வண்டி, ஓட்டுபவரோடு மட்டும் விளையாடவில்லை.

காட்டிலும் கவனம் வேண்டும். சோளத்தட்டை, பருத்திமார், காய்ந்த புல் எல்லாம் கோடையில் ஒரு பொறிக்குக் காத்திருப்பவை. வடிகட்டி கரியை எரிக்கும் நேரத்தில் கம்பெனி வண்டியின் அடிப்பாகமும் கொதிக்கும். தட்டைப் படப்புக்குப் பக்கத்தில் நிறுத்தக்கூடாது. வெப்பத் தகடு இல்லாமல் மாட்டிய வெளிக்குழாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்கா காட்டும் பாடம்

இந்தப் பழக்கம் முற்றினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். வேண்டுமென்றே கரும்புகையைக் கக்கவிட்டு வேடிக்கை காட்டும் கூட்டமே அங்கே உருவானது. பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் கழற்றப்பட்டதாக அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-ல் கணக்கிட்டது. அவை கூடுதலாகக் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு, 90 லட்சம் ஒழுங்கான பிக்கப்புகளைப் புதிதாக ரோட்டில் இறக்கியதற்குச் சமம்.

“கம்பெனிக்காரனே ஏமாத்தலையா?” என்ற கேள்வியும் நியாயமானது. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் சோதனைக் கருவியை ஏமாற்றும் மென்பொருளோடு பிடிபட்டது. 2023 டிசம்பரில், பிக்கப் எஞ்சின்கள் தொடர்பான இதேபோன்ற குற்றச்சாட்டில் கம்மின்ஸ் நிறுவனம் 167 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பெரியவன் செய்தால் கோடியில் தண்டம், சின்னவன் செய்தால் ஆயிரத்தில் தண்டம். புகை மட்டும் ஒன்றுதான்.

நம் நாட்டில் போலீசார் பிடித்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் காட்சி டி.வி.யில் அடிக்கடி வருகிறது. நசுங்குபவை பெரும்பாலும் பைக் சைலன்சர்கள். மாட்டிவிட்ட கையும் விற்ற கடையும் படத்தில் வருவதில்லை.

---

பெட்டிச் செய்தி 2: டி.பி.எஃப். விளக்கு எரிந்தால்

• பயப்பட வேண்டாம். முதல் எச்சரிக்கை என்பது “கொஞ்ச தூரம் ஓட்டு” என்ற கோரிக்கைதான். நாலு வழிச்சாலையில் ஏறி, சீரான வேகத்தில் 15 முதல் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் வேகமும் கியரும் சொல்லியிருக்கும்.

• கரி எரிந்துகொண்டிருக்கும்போது எஞ்சினை அணைக்காதீர்கள். திரும்பத் திரும்ப அணைத்தால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

• டி.பி.எஃப். வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில் மட்டுமே. விலை மலிவென்று வேறு ஊற்றினால் வடிகட்டி அடைபடும்.

• விளக்கு மினுக்கினாலோ, சக்தி குறைந்தாலோ சர்வீஸ் சென்டர்தான் வழி. கருவியை மாட்டி, நின்ற இடத்திலேயே கரியை எரித்துத் தருவார்கள்.

• யூரியா திரவத்துக்குப் பதில் உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றாதீர்கள். குழாயும் வினையூக்கியும் கெடும்.

---

மாற்றியே ஆக வேண்டுமென்றால்

சைலன்சர் ஓட்டையாவது சகஜம். மழைக்காலக் கரிசல் சகதி அடியில் அப்பிக்கொண்டு காயும்போது தகடு அரிக்கிறது. அப்போது மாற்றத்தான் வேண்டும், சட்டமும் தடுக்கவில்லை. உங்கள் வண்டி மாடலுக்குரிய, அதே அமைப்புள்ள சைலன்சராக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். பழைய வண்டிகளில் கடைசி உருளை மட்டும் தனியாகக் கிடைக்கும். புது வண்டிகளில் வினையூக்கிக்கும் வடிகட்டிக்கும் பின்னால் இருக்கும் பாகத்தை மட்டும் தொடுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஆள் அடியில் படுக்கக்கூடாது. ஸ்டாண்டு முட்டுக் கொடுக்க வேண்டும். வண்டியிலேயே வெல்டிங் வைப்பதானால் முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இ.சி.எம். அடிபடும். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடக்கூடாது. தொங்கு ரப்பர்கள் வெடித்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். எல்லா இணைப்பையும் தளர்வாக மாட்டி நேர்பார்த்த பிறகு முன்னாலிருந்து பின்னோக்கி முறுக்கினால் குழாய் எதிலும் உரசாது. பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயரிங், ஸ்டெப்னி எல்லாவற்றுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பது நல்லது. கடைசியாக ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் புகை கசிகிறதா என்று பாருங்கள்.

இருபது நிமிடம்

பட்டறையில் வேலை முடிந்தது. பணம் கை மாறுகிறது. பிக்கப் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு சர்வீஸ் ரோட்டைத் தாண்டி நாலு வழிச்சாலையில் ஏறுகிறது. திருநெல்வேலி பக்கம் திரும்பிய அதன் சத்தம், வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்கிறது. புதுக் குழாயின் குஷியில், நிற்காமல் கயத்தாறு வரை ஒரே ஓட்டமாக ஓட்டிப் பார்ப்பார்.

நேற்று அதே ஓட்டத்தை ஓட்டியிருந்தால், பட்டறை மண்ணில் கிடக்கும் உருளைக்குள் அடைந்த கரி பெரும்பாலும் எரிந்து தீர்ந்திருக்கும். மஞ்சள் விளக்கும் அணைந்திருக்கும்.